பம்ப் நின்றதைக் கடைசியாகத் தெரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்காவில் வீட்டு ஷெட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. கார் வெயிலில் நிற்கும். கார் நிற்க வேண்டிய இடத்தில் இறக்கை படுத்திருக்கும். வேலையில் பெரும்பகுதியைப் பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ நீங்களே செய்திருந்தால் போதும். எஃப்.ஏ.ஏ. என்ற அந்த நாட்டு விமானத் துறை வந்து பார்த்துவிட்டு, 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதி ஒட்டச் சொல்லிப் பறக்க விட்டுவிடும். 1953-இல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய இ.ஏ.ஏ. சங்கம்தான் இந்தக் கூட்டத்துக்குத் தாய்வீடு. ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினில் உள்ள ஆஷ்காஷில் திருவிழா.

இவர்களில் பெரும்பாலோர் லைகமிங் மாதிரியான அசல் விமான என்ஜினை மாட்டிக்கொள்கிறவர்கள். அது காற்றில் குளிரும், மேக்னெட்டோவில் எரியும், பேட்டரியைக் கழற்றி வெளியே எறிந்தாலும் ஓடும். அவர்களுக்கும் நமக்கும் பேச்சில்லை. இந்த வழிகாட்டி, சுபாரு கார் என்ஜினையோ மஸ்டா ஆர்.எக்ஸ்-7-இல் வந்த 13பி ரோட்டரியையோ விமான மூக்கில் உட்கார வைத்து, பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்த வாட்டர் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, 12 வோல்ட் மின்சார பம்ப் பொருத்திக்கொண்ட துணிச்சல்காரர்களுக்கு மட்டும்.

மின்சார பம்ப் வைப்பதில் நியாயம் இருக்கிறது. அறுந்துபோக பெல்ட் இல்லை. கியர்பாக்ஸும் புரொப்பெல்லரும் நெருக்கியடிக்கிற முன்பக்கத்திலிருந்து பம்பை வேறு எங்காவது நகர்த்தலாம். என்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் ஓட்டம் குறையாது. அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் பம்பை ஓடவிட்டு உள்சூட்டை இறக்கலாம். கார்க் கம்பெனிகளே இந்த வழிக்கு வந்துவிட்டன. பி.எம்.டபிள்யூ தன் என்52 என்ஜினிலும், டொயோட்டா மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் மின்சார பம்பைத்தான் வைத்தன. காரில் அது நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். மேலே ஓரம் என்று ஒன்று கிடையாது. அதனால்தான் பம்ப் நிற்கும் செய்தியை முடிந்தவரை தாமதமாகத் தெரிந்துகொள்ளும் கலையை முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போடுவது இந்தக் கலைக்கு விரோதம். ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். ஏறும்போது 150 குதிரைசக்தி என்ஜின் கூலன்ட்டுக்குள் தள்ளுகிற வெப்பம் 75 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேற வேண்டிய அலுமினியம் 50 கிலோ, உள்ளே தேங்கி நிற்கும் கூலன்ட் 5 கிலோ. இரண்டையும் சேர்த்து ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 63 கிலோஜூல் போதும். அப்படியென்றால் ஓட்டம் நின்ற பிறகு நொடிக்கு ஒரு டிகிரிக்கும் மேலே ஏறும். 85 டிகிரியில் இருந்த என்ஜின் 125-ஐத் தொட 35 நொடி. நிமிடத்துக்கு 800 அடி ஏறுகிற விமானம் அதற்குள் 450 அடிதான் ஏறியிருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து உலோகம் இதற்கெல்லாம் காத்திருக்காது. அங்கே முன்னாலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

சரி, மறந்துவிட்டோம். பாடத்துக்கு வருவோம்.

முதலில் வெப்பமானியை மட்டும் நம்பக் கற்றுக்கொள்ளுங்கள். கூலன்ட்டின் வெப்பம் ஒரு முள்ளில் தெரிகிறது. முள் பச்சையில் இருந்தால் எல்லாம் நலம். இந்த நம்பிக்கை முழுப் பலனைத் தர வேண்டுமானால் சென்சாரை வைக்கிற இடம் முக்கியம். என்ஜின் தலையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயிலேயே, உலோகத்தோடு ஒட்டி வைப்பது சந்தேகப் பிராணிகளின் பழக்கம். நீங்கள் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் ஹோஸில் வையுங்கள், கை போட வசதியாக இருக்கும். பம்ப் நின்றால் என்ன ஆகும்? சூடான தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே நிற்கும். ஹோஸில் இருக்கிற தண்ணீர் ரேடியேட்டர் காற்றில் இன்னும் கொஞ்சம் ஆறும். உள்ளே தலை வெந்துகொண்டிருக்க, முள் இறங்கும். 'இன்றைக்கு நல்ல கூலிங்' என்று நீங்கள் மகிழ்ந்துபோகலாம். அப்படி மகிழ்வதற்கு அரை நிமிடம் கிடைக்கும்.

கூலன்ட் கசிந்தே போய்விட்டாலும் இதே ஆனந்தம் உண்டு. தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சென்சார் உண்மை பேசும். ஆவியும் காற்றுமாக நிறைந்த குழாயில் அது தன்பாட்டுக்கு ஏதோ ஒரு குறைந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் குறைத்துக் காட்ட ஆசையிருந்தால், ஒற்றை வயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி முறுக்குங்கள். அந்த வகை சென்சாருக்கு என்ஜின் உடம்புதான் எர்த். டேப் நடுவில் புகுந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும்; ரெசிஸ்டன்ஸ் கூடினால் மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று படிக்கும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த தண்ணீர் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் 129 வரை தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். அது தரையில் நிற்கும் காருக்கு எழுதியது. மூடி அழுத்தத்தைக் கூட்டுவது வெளிக்காற்றின் மேலேதான். தரையில் வெளிக்காற்று கிட்டத்தட்ட 15, மூடி 15, ஆக 30. 10,000 அடியில் வெளிக்காற்று 10 தான் இருக்கும், கூட்டினால் 25. கொதிநிலையும் அதற்குத் தக்கபடி இறங்கிவிடும். எச்சரிக்கை எல்லையைக் கார் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். மாற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், திரையில் இரண்டு பட்டன்தான். இருந்தும் யார் மாற்றுகிறார்கள்?

அடுத்தது விளக்கு. பம்ப் ஸ்விட்சுக்கு மேலே அழகான பச்சை விளக்கு ஒன்று. ஸ்விட்சைப் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். மின்சாரம் ஸ்விட்ச் வரைக்கும் வந்துவிட்டது என்ற ஒரே தகவலை அது மிகத் துல்லியமாகத் தரும். அதற்கு அப்பால் ரிலே ஒட்டாமல் நிற்கலாம், கிரிம்ப் செய்த வயர் அதிர்வில் கழன்றிருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து தீர்ந்திருக்கலாம். பச்சை பச்சையாகவே இருக்கும். கார்ச் சந்தையில் வாங்கிய விளக்குதான் என்றாலும் அதன் விசுவாசத்தைக் குறை சொல்ல முடியாது.

இப்போது வருவது மிக ஆபத்தான விஷயம். இதை மட்டும் செய்துவிட்டால் நம் கலையே கெட்டுப்போகும். பம்ப் இழுக்கிற ஆம்ஸைப் பார்ப்பது.

இதில் நம் ஊர் விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர்வெல் மோட்டாரின் பேனல் போர்டில் வோல்ட் மீட்டருக்குப் பக்கத்திலேயே ஆம்ப் மீட்டர் இருக்கும். போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த முள் கீழே வரும். மோட்டார் சுற்றும், ஆனால் தூக்குவதற்குப் பாரம் இல்லை. அவர் குழாய் வாயைப் போய்ப் பார்ப்பதில்லை. முள்ளைப் பார்த்துவிட்டு, 'தண்ணி நின்னுபோச்சு, ஆஃப் பண்ணு' என்று குரல் கொடுப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டே நிற்க முடியாது என்பதால் ஆம்ஸ் இறங்கினால் தானே அணைக்கிற 'டிரை ரன்' பேனலும் கடையில் கிடைக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கேட்கலாம்.

விமானத்து பம்பும் அதே சாதிதான், இம்பெல்லர் வைத்த சென்ட்ரிஃபியூகல். தண்ணீரைத் தள்ளும்போது இழுக்கிற ஆம்ஸ் ஒன்று. காற்றைக் கடையும்போது இழுப்பது அதைவிட வெகு குறைவு. வயரை ஒரு சின்ன வளையத்துக்குள் நுழைத்தால் போதும், அந்த ஹால் சென்சார் ஆம்ஸை அளந்து என்ஜின் மானிட்டருக்கு அனுப்பிவிடும். கூலன்ட்டைத் தொட வேண்டாம், குழாயை வெட்ட வேண்டாம், கசிய ஒரு புது மூட்டும் வராது. டைனான், கார்மின் மாதிரி இப்போதைய திரைகளில் இதற்கென்று உபரி உள்ளீடுகள் இருக்கின்றன. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு எண் என்னவெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று பாருங்கள். வழக்கமாக 8 ஆம்ஸ் இழுக்கிற பம்ப் பூஜ்யம் காட்டினால் வயரோ பியூஸோ பிரஷோ போய்விட்டது. 3, 4 என்று தொங்கினால் ஏர் பிடித்திருக்கிறது அல்லது கூலன்ட் காலி. ஹோஸ் அடைத்துக்கொண்டாலும் குறையத்தான் செய்யும். வெளியே போக வழியில்லாத தண்ணீரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது இம்பெல்லருக்கு லேசான வேலை. உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸ் மெத்தென்ற ரகமாக இருந்தால், சூட்டில் இளகி, உறிஞ்சும் வேகத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வது உண்டு. தரையில் என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஹோஸ் பழையபடி உப்பி, ஒன்றும் தெரியாதது போல இருக்கும். ஆம்ஸ் மட்டும் அதைப் பார்த்திருக்கும். எதிர்ப்பக்கமாக 11, 12 என்று ஏறினால் பேரிங் இறுகுகிறது, அல்லது இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது.

எனவே ஆம்ஸ் சென்சார் வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், அலாரத்தின் கீழ் எல்லையை 0 என்றும் மேல் எல்லையை 99 என்றும் போட்டுவிடுங்கள். வாழ்நாளில் அடிக்காது. மேல் எல்லையை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டுக் கீழ் எல்லையை மறப்பதும் நல்ல முறைதான், பலர் கையாள்வது. பியூஸ் பார்த்துப் பழகிய மூளை, ஆம்ஸ் கூடினால்தான் ஆபத்து என்று நினைக்கும். பம்பில் ஆபத்து பெரும்பாலும் குறைவதில் இருக்கிறது.

சந்தேகப் பிராணிகள் இதிலும் ஒரு படி மேலே போவார்கள். பிரஷ் வைத்த மோட்டாரில் வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பாரம் இன்னும் வேகமாகக் குறையும்; ஆம்ஸ் ஏறக்குறைய வோல்ட்டின் இருமடிக்கணக்கில் இறங்கும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுக்கும்போது 8 ஆம்ஸ் இழுக்கிற பம்ப், பேட்டரியின் 12.5 வோல்ட்டில் 6 சொச்சம்தான் இழுக்கும். பம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆல்டர்னேட்டர்தான் போயிருக்கிறது. கீழ் எல்லையை 7 என்று வைத்தவர் பம்பைச் சந்தேகிப்பார். 5 என்று வைத்தவர் நிதானமாக வோல்ட்டைப் பார்ப்பார். நாம் இரண்டையும் பார்க்காமல் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்ப்போம்.

பம்ப் இரண்டு வைப்பது பற்றி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம் இந்தக் கலையில் கிடைக்கும் உயர்ந்த போதை. இரண்டையும் ஒரே ஸ்விட்ச், ஒரே பியூஸில் கட்டினால் பேனல் சுத்தமாக இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதும் கூடவே போகும். பக்கம் பக்கமாக வைத்து இரண்டு குழாயையும் சேர்த்துவிடுவதும் பார்க்க நேர்த்தி. ஒன்று நின்றவுடன் ஓடுகிற பம்ப் தள்ளும் தண்ணீர், என்ஜினுக்குப் போவதைவிட நின்றுபோன பம்ப் வழியாகத் திரும்பி வருவது சுலபம் என்று கண்டுபிடித்துவிடும், அங்கேயே வட்டமடிக்கும். சந்தேகப் பிராணிகள் பம்புக்கொரு செக் வால்வு வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் மாட்டுவார்கள். வரிசையில் நின்றுபோன பம்பின் ஊடாகவே அடுத்தது தள்ளிவிடும், ஓட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்படி வரிசையில் மாட்டியவர்களையும் வழிக்குக் கொண்டுவர ஒரு உபாயம் இருக்கிறது. எப்போதும் இரண்டையும் ஒன்றாகவே போடுங்கள், ஒன்றாகவே அணையுங்கள். ஒன்று என்றைக்கோ செத்திருக்கும். மற்றது பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். முள் பச்சையிலேயே இருக்கும். மாதக்கணக்கில் ஒற்றை பம்பில் பறந்துகொண்டே இரட்டை பம்ப் பெருமை பேசலாம். பறப்பதற்கு முன் முதல் பம்பை மட்டும் போட்டு ஆம்ஸ் பார், பிறகு இரண்டாவதை மட்டும் போட்டுப் பார் என்கிற சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது பம்பின் ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது வீட்டில் கட்டிய லாங்-ஈசி விமானத்தில். பெட்ரோல் டாங்க் மாற்றும் வால்வை, கட்டியவர் வரைபடத்தில் இருந்த இடத்தில் வைக்காமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். விமானத்தை வாங்கி ஓட்டியவர் அதைத் திரும்பித் தேடித் திருப்ப வேண்டியிருந்தது. விசாரணையில் அந்த இடமும் ஒரு காரணமாக எழுதப்பட்டது. கட்டியவருக்குக் கை பழகிய இடம், அடுத்து ஓட்டுகிறவருக்குப் பழகியிருக்காது.

மறுபடி பாடம். எச்சரிக்கை விளக்கு சிவப்பாக, சின்னதாக, வெயில் நேராக விழும் மூலையில் இருக்கட்டும். பஸ்ஸர் வைப்பதாக இருந்தால் ஹெட்செட்டோடு இணைக்காமல் டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டுங்கள். புரொப்பெல்லர் சத்தத்தில், காதையும் மூடிக்கொண்டிருக்கிற உங்களுக்கு அது எந்தத் தொந்தரவும் தராது. நேராக ஹெட்செட்டில் 'கூலன்ட் பம்ப்' என்று ஒரு பெண் குரல் சொன்னால், உடனே த்ரோட்டிலைக் குறைத்து, மூக்கை இறக்கி, மற்ற பம்பைப் போட்டு, இறங்க இடம் தேடத் தோன்றும். சுவாரஸ்யம் கெட்டுவிடும்.

ஆல்டர்னேட்டர் போனால்? பேட்டரி இருக்கிறதே என்று சொல்லிவிடுங்கள். பெட்டியில் 17 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். எரிபொருள் பம்பும் இக்னிஷனும் கம்ப்யூட்டரும் 15 ஆம்ஸ், இரண்டு கூலன்ட் பம்ப் 12, திரைகளும் ரேடியோவும் 5. வகுத்தால் அரை மணி வரும். ஆனால் அந்த 17 என்பது மெதுவாக 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கிற கணக்கு. இந்த வேகத்தில் உறிஞ்சினால் அவ்வளவு தராது. எதை முதலில் அணைப்பது, ஒரு பம்ப் மட்டும் ஓடினால் என்ஜின் எந்த த்ரோட்டிலில் கொதிக்காமல் இருக்கும் என்று தரையிலேயே பார்த்து எழுதி வைப்பதெல்லாம் நேர விரயம்.

அதற்கென்றே சட்டம் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட என்ஜின் வைத்த புது விமானத்துக்கு வழக்கமாக முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். குறிப்பிட்ட பகுதிக்குள்தான் பறக்க வேண்டும், சும்மா ஜாலியாக யாரையும் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒவ்வொரு வெப்பத்துக்கும் பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளக் கிடைத்த காலம் அது. ஏரி, மலை பார்த்துக் கழிக்கவும் தடையில்லை.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சொந்தமாகக் கட்டிய விமானங்கள் அந்த நாட்டுத் தனியார், சிறு விமானங்களில் பத்தில் ஒரு பங்கு. 2011-இல் உயிர்ச்சேதம் உண்டான விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இவர்களின் விபத்துகளில் முன்வரிசையில் நிற்பவை என்ஜின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதும். அதில் பம்ப் எத்தனை, பெட்ரோல் எத்தனை என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. மேலே சொன்ன பாடங்களைச் சிரத்தையாகப் பின்பற்றினால் நீங்கள் எந்தப் பக்கம் சேர்வீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பின்பற்ற மனம் வராதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பம்பை விமானத்தில் பொருத்துவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பேட்டரி, டி.சி. அளக்கிற ஒரு கிளாம்ப் மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாக ஓடும்போது எத்தனை ஆம்ஸ், வெளியே போகும் ஹோஸை நெரித்தால் எத்தனை, இரண்டு மூன்று நொடி காற்றை உறிஞ்சவிட்டால் எத்தனை என்று பாருங்கள். அதற்கு மேல் வறட்டாக ஓட்டினால் சீல் கெடும். வந்த எண்களை, அப்போது பேட்டரி காட்டிய வோல்ட்டோடு சேர்த்து, பம்ப் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒட்டிய பிறகு அதன் மேல் ஜி.பி.எஸ்-ஐ மாட்டாமல் இருந்தால் சரி.